தபால்காரனும் துபாஷியும்

பிப்ரவரி 14, 1971. மாயாபந்தர்

கப்பல் வந்தது. அரிசி வந்தது, உளுந்து வரவில்லை. போன கப்பலிலும் இல்லை. மண்ணெண்ணெய் இரண்டு பாட்டில். பருப்பு மாசக் கடைசி வரை தாங்கும், தாங்க வேண்டும்.

இவர் மில்லிலிருந்து இரண்டு படக் காகிதங்களோடு வந்தார். மானேஜர் பாபு கொடுத்தாராம். "எதை வாங்கலாம்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போடு ஜெயராமன், போர்டு பார்க்கிறவன் நீதானே" என்றாராம். இவர் சாப்பிடும்போதும் காகிதத்தை விடவில்லை.

விஷயம் இதுதான். மரம் அவிக்கிற இரும்பு அறை கீழே ஜெட்டி ஓரம் இருக்கிறது. இவர் பார்க்கிற மீட்டர் போர்டு மேட்டின் மேல். மரத்தை அறைக்குள் அடுக்கிக் கதவை இறுக்கி ஆவி விட்டு அவித்தால்தான் ஏடு ஏடாக உரிக்க வரும். ஆவி முழுக்க இறங்கின பிறகுதான் கதவைத் திறக்கலாம். இறங்கிவிட்டதா என்று கீழே இருப்பவன் ஏணி ஏறி டயலைப் பார்த்து மேலே கத்த வேண்டும். மழைக்காலத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அதனால் டயல் சொல்வதைக் கம்பி வழியாக மேலே கொண்டுவரப் போகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால் கீழே இருப்பது வெள்ளைக்காரன் காலத்து டயல், பவுண்டுக் கணக்கு. மேலே போர்டு முழுக்கக் கிலோக் கணக்கு. கல்கத்தாக்காரன் இரண்டு சாமான் வைத்திருக்கிறான். ஒன்று, பவுண்டை அப்படியே மேலே கொண்டுவந்து காட்டும். கணக்கு நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கம்பி அறுந்தால் முள் பூஜ்யத்துக்கும் கீழே போய்ப் படுத்துவிடும். கெட்டால் இவரே பிரித்துச் சரிபண்ணிவிடலாம். இன்னொன்று, மூடி முத்திரை வைத்த பெட்டி. பவுண்டைக் கேட்டுக் கிலோவாக்கிச் சொல்லும். யோசிக்க வேண்டியதே இல்லை.

கீழே கதவு திறக்கிற வேலை நம் பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வத்துக்கு. இவர் சொல்லச் சொல்ல வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப ஒண்ணு தபால்காரன், இன்னொண்ணு மொழி மாத்திச் சொல்ற துபாஷி. அப்படித்தானே அண்ணே?" என்றான். இவர் சிரித்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

பிப்ரவரி 23

ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். பன்னீரின் பெண்டாட்டி தங்கத்துக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாது, மெயின்லேண்டிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வழக்கம்போல நான்தான் நடுவில். எனக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ரேடியோவும் பொட்டலம் மடித்து வந்த பேப்பரும்தான். தமிழ் எழுத்தே கல்யாணத்துக்குப் பிறகு முருகன் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துக் கற்றுக்கொண்டது.

பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். தங்கம் ஊரில் பிறந்து இறந்துபோன குழந்தையைப் பற்றி, அது எப்படிச் சிரிக்கும், யார் ஜாடை என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் "கோயி நஹீ" என்றேன். யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

"அவ்வளவும் சொல்லிட்டியாக்கா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

கேட்டதற்கு அவ்வளவுதானே வேண்டும்.

மார்ச் 1

இவர் தூங்குவதில்லை. தபால்காரனே போதும் என்கிறார் ஒரு நாள். மறுநாள், "கண்ணசந்த நேரத்துல நான் கணக்கைத் தப்பாப் போட்டா? கீழ நிக்கிறவன் பன்னீரு" என்கிறார். மானேஜர் பாபுவுக்குத் துபாஷிமேல்தான் ஆசை, புதுசு என்பதால். ஆனால் கையெழுத்து மட்டும் இவருடையது.

"முருகன்கிட்டக் கேட்டுடுவோம்" என்றேன். காகிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 2, செவ்வாய்

தகரக் கூரைக் கோயிலுக்குப் போனேன். தங்கமும் வந்தாள். சிவப்பு அரளி ஒரு இலையில், வெள்ளை அரளி ஒரு இலையில் மடித்துக் கட்டினேன். சிவப்பு தபால்காரன், வெள்ளை துபாஷி என்று மனசுக்குள் சொல்லி முருகன் காலடியில் போட்டேன். பூசை பார்க்கிற பழனிசாமி, "யாராவது சின்னப் பிள்ளை எடுக்கட்டும்மா" என்றார். பிள்ளைக்கு எங்கே போவது? தங்கத்துக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, போன வாரம்தான் என் காதில் சொன்னாள். வயிற்றில் இருப்பதும் பிள்ளைதானே.

"நீ எடு தங்கம்."

"எதுக்குக்கா?"

"எடேன்."

எடுத்தாள். வெள்ளை.

மார்ச் 3

முருகன் துபாஷி என்றான் என்று சொன்னேன். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 19

துபாஷி வந்து மாட்டியாகிவிட்டது. எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் தொட்டுவைத்துவிட்டு வந்தேன். மானேஜர் பாபுகூடக் கும்பிட்டார். முள்ளை உள்ளே ஒரு சின்ன மோட்டார் தள்ளுகிறதாம். பூனை நடக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் நகர்கிறது.

முள் பூஜ்யத்துக்கு வந்தால் இவர் மேலே மணி அடிப்பார், பன்னீர் கீழே கதவைத் திறப்பான். இனி ஏணி ஏறவேண்டாம். ஏணியை ஆபீஸ் கூரைக்கு வெள்ளையடிக்க எடுத்துப்போய்விட்டார்கள்.

"மதினி, இனிமே அண்ணன் மணியடிச்சாத்தான் எனக்குச் சோறு" என்றான் பன்னீர்.

"ஆமா, மணியடிச்சாச் சோறுன்னா அதுக்குப் பேரு ஜெயிலு" என்றாள் தங்கம். இந்தப் பெண்ணுக்கு வாய் இருக்கிறது.

ஜூன் 6

மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்துவிட்டது. உப்புகூடக் கசிகிறது.

இவர் முகம் சரியில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. தூசி தட்டக் கம்பியைக் கழற்றியிருக்கிறார். முள் விழவில்லையாம். இருந்த இடத்திலேயே நின்றதாம். மோட்டாருக்குச் சேதி வரவில்லை என்றால் அது கடைசியாகக் கேட்டதையே காட்டிக்கொண்டு நிற்கும், யாரும் வந்து பார்க்கிறவரைக்கும். கம்பிக்கு உயிர் இருக்கிறதா என்று காட்ட ஒரு பல்பு போடச் சொல்லி மானேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கல்கத்தாவுக்கு எழுதிக் கேட்டுவிட்டுத்தான் முத்திரையில் கை வைக்கலாம் என்றாராம்.

"முருகன் பார்த்துக்குவான்" என்றேன்.

ஜூலை 11

பல்பு பற்றிப் பதில் இல்லை. இந்தக் கப்பலிலும் இல்லை.

ஆகஸ்ட் 9

முருகா.

பன்னீரு. முகம், கை, மார்பு — எழுத முடியவில்லை. தங்கத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன். அந்தச் சத்தம் — வேண்டாம்.

ஆகஸ்ட் 10

நேற்றே அவனை லாஞ்சுப் படகில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மில் டைம்கீப்பர் பக்கிரிசாமி கூடப் போயிருக்கிறார். தங்கத்தை ஏற்றவில்லை. வயிற்றோடு அந்த லாஞ்சில் எப்படி? கடல் அப்படி இருந்தது.

நடந்ததை எழுதிவைக்கிறேன். எழுதினால் கொஞ்சமாவது புரியுமா?

ராத்திரி மரக்கிளை விழுந்து கம்பி அறுந்திருக்கிறது. அப்போது அறை காலி, முள் பூஜ்யத்தில். ராத்திரி ஷிப்டுக்காரர் அதற்குப் பிறகு மரம் அடுக்கி, ஆவியைத் திறந்துவிட்டிருக்கிறார். முள் எழும்பவில்லை. ஈர விறகு, கொதிகலனில் ஆவி இன்னும் கட்டவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, வேளை முடிந்ததும் போய்விட்டார். இவர் காலையில் போய் உட்கார்ந்தார். முள் பூஜ்யம். அவித்து முடிந்து ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்தார்.

மணி அடித்தார். பன்னீர் கதவைத் திறந்தான்.

பன்னீர் மணியை நம்பினான். இவர் முள்ளை நம்பினார். முள்?

நேற்றிலிருந்து இவர் ஒரு சொல் பேசவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 12

வயர்லெஸ் ஆபீசுக்குப் போனேன். தங்கம் வாசலோடு நின்றாள். அங்கேயுள்ள பாபு வங்காளி, நல்ல மனிதர். தாளைப் பார்த்து, "பர்த்தி ஹோ கயா. ஹாலத் கம்பீர் ஹை" என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, நிலைமை மோசம்.

"என்னக்கா சொன்னான்?"

"ஆஸ்பத்திரில சேர்த்தாச்சாம். பார்த்துக்கிறாங்களாம்."

மோசம் என்ற சொல் வாயிலிருந்து வரவில்லை. ஏழு மாசம் அவளுக்கு.

ஆகஸ்ட் 13

"வைஸா ஹீ ஹை" என்றார் பாபு. அப்படியே இருக்காராம் என்று சொன்னேன். இது உள்ளபடியே சொன்னது.

தங்கம் கோயிலில் போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில். முருகன் காலடியைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

ஆகஸ்ட் 14

புயற்காற்று. பாபு கையை விரித்தார். "லைன் பந்த் ஹை, தீதி. குச் பதா நஹீ." லைன் இல்லை அக்கா, ஒன்றும் தெரியாது.

வெளியே வந்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியே இருக்காராம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஒன்றும் தெரியாது என்று சொன்னால் ராத்திரி முழுக்க என்னவெல்லாம் நினைப்பாள்? ஒரு ராத்திரி தூங்கட்டும் என்றுதான்.

ஆகஸ்ட் 15

மில்லில் கொடி ஏற்றி லட்டு கொடுத்தார்கள். இவர் போகவில்லை. இவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை.

நாளைக்குப் போர்ட் பிளேருக்குக் கப்பல் இருக்கிறது. தங்கம் துணியெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

"ஒரு வாட்டி கேட்டுட்டு வாக்கா. மோசம்னா இதுலேயே போயிடறேன். இல்லன்னா அடுத்ததுல போறேன். நீ சொல்றதுதான்."

போனேன். லைன் இன்னும் இல்லை. பாபு கதவைச் சாத்திக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்து இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

கடல் ஜெட்டிமேல் ஏறி அடிக்கிறது. இந்த வயிற்றோடு எப்படி அனுப்புவேன்? நடுவழியில் வலி எடுத்தால்? இவ்வளவையும் யோசித்துக்கொண்டே நடந்து வந்தேன்.

"அப்படியே தானாம். அடுத்த கப்பல்ல நானும் கூட வர்றேன்."

மூட்டையை அவிழ்த்தாள்.

ஆகஸ்ட் 16

கப்பல் போயிற்று.

ஆகஸ்ட் 19

லைன் வந்துவிட்டது. பாபு என்னை உட்காரச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது.

நேற்று விடியற்காலை. பன்னீர் போய்விட்டான்.

இதை எப்படி மாற்றிச் சொல்வது? என் முகத்தைப் பார்த்ததுமே தங்கம் தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 27

பக்கிரிசாமி வந்தார். பன்னீருடைய வேட்டி, இடுப்புக் கயிறு, ஒரு செருப்பு. ஒரு செருப்பை எதற்குக் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. அங்கேயே காரியம் முடித்துவிட்டார்கள்.

அவர் சொன்னது: "நினைவு நல்லாத்தாம்மா இருந்துச்சு. பதினேழாந்தேதி ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில கப்பல் ஊதுற சத்தம் கேட்டுச்சு. மாயாபந்தர் கப்பலாண்ணேன்னு கேட்டான். ஆமான்னேன். அப்புறம் கதவையே பார்த்துக்கிட்டுக் கிடந்தான். யாரு உள்ள வந்தாலும் தலையைத் தூக்கினான்."

தங்கம் அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 28

யாரோ சொல்லியிருக்கிறார்கள். சின்ன ஊர், எப்படித் தெரியாமல் போகும்?

"அக்கா, அந்த ரெண்டு நாளும் லைனே இல்லையாமே?"

"ஆமா."

"அந்த பாபு உன்கிட்ட என்ன சொன்னான்?"

"ஒண்ணும் தெரியாதுன்னான்."

"நீ என்கிட்ட என்ன சொன்ன?"

தங்கம் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

ஆகஸ்ட் 29

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணி அடித்த நாளிலிருந்து பேசாதவர் பேசினார்.

"கம்பி அறுந்தது பெட்டிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 7, செவ்வாய்

முருகனுக்கு விளக்கு ஏற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்வானா? சொன்னாலும் நடுவில் நான் இருக்கிறேனே.

செப்டம்பர் 21

விசாரணை முடிந்தது. காகிதத்தில் இருக்கிற கையெழுத்து யாருடையது என்று கேட்டார்களாம். என்னுடையது என்றாராம். பல்புக்காக எழுதிக் கொடுத்ததைப் பற்றி? அப்படி ஒரு காகிதம் ஆபீசில் இல்லை என்றாராம் மானேஜர் பாபு. இவர் வாதாடவில்லை. வந்து உட்கார்ந்து வெற்றிலை நரம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார்.

போர்டு வேலை போயிற்று. இனி மரக்கிடங்கில் கட்டை எண்ணுவது.

அக்டோபர் 18

தீபாவளி. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. தங்கத்துக்கு ஆண் குழந்தை பிறந்து ஒரு வாரம். பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. தெலுங்குக்காரி ஒருத்தியும் ராஞ்சிக்காரி ஒருத்தியும் போனார்கள். தங்கம் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது தங்கத்துக்குப் புரியாது. குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டது.

வெந்நீர் வைத்து வாசலில் கொண்டுபோய் வைத்தேன். எடுத்துக்கொண்டாளா என்று பார்க்கவில்லை. மாலையில் பாத்திரம் கழுவி என் படியில் இருந்தது.

நவம்பர் 15

தங்கமே வந்தாள். குழந்தையோடு. கல்கத்தாவிலிருந்து கம்பெனி ஆபீசர் வந்திருக்கிறாராம், அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"வேற ஆள் இல்ல. நீதான் வரணும்."

"வர்றேன்."

"ஒண்ணு. அவரு என்ன சொல்றாரோ அதை அப்படியே சொல்லு. ஹிந்தியிலேயே சொல்லு. எனக்குப் புரியலன்னா நான் கேட்டுக்கிறேன். நீயா ஒண்ணும் சொல்லாத."

நவம்பர் 16

ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். கம்பெனிமேல் தப்பு இல்லை, வேலையாட்களின் கவனக்குறைவு. மாசக் கடைசிக்குள் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். மெயின்லேண்டுக்குக் கப்பல் பாஸ் கொடுப்பார்கள், அதுவே பெரிய மனசு.

என் வாய்க்குள் வேறு சொற்கள் தானாக வந்து நின்றன. பாவம், அவங்களும் என்ன பண்ணுவாங்க, ஊருக்கு அனுப்பி வைக்கிறாங்களாம். தங்கம் என் வாயையே பார்த்தாள். முழுங்கிவிட்டு அவர் சொன்னதை அப்படியே, ஹிந்தியிலேயே, ஒன்றொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நின்றேன். சில இடத்தில் "அப்படின்னா?" என்றாள். அதற்கு மட்டும் தமிழ். "காலி கரோ" என்பதற்கு அவள் கேட்கவில்லை.

"கம்பெனி கி கல்தி நஹீ" — கம்பெனி தப்பு இல்லை. அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குனியவில்லை.

ஆபீசர் என்னைப் பார்த்து, "சமஜ் கயீ?" என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டதா என்று. எத்தனை தடவை இந்தக் கேள்விக்கு அவளுக்காக நான் "ஹாங்", ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

"உஸீ ஸே பூச் லீஜியே" என்றேன். அவளையே கேளுங்கள்.

அவர் கேட்டார். தங்கம் குழந்தையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, "நஹீ" என்றாள்.

அதனால் எதுவும் மாறவில்லை. தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 22

துபாஷியைக் கழற்றிவிட்டார்களாம். பழைய மாதிரியே பவுண்டு காட்டுகிற டயல் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். ஏணியும் திரும்ப வந்துவிட்டது, வெள்ளைச் சுண்ணாம்பு வடிந்தபடி. இவர் மரக்கிடங்கிலிருந்து அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து வருகிறார்.

நவம்பர் 29

அரிசி வாங்கினது, பாதி தங்கத்துக்கு வழிக்கு. புளிச்சோறு கட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

ஜெட்டிவரை மூட்டையை நான் தூக்கிவந்தேன். இவரும் வந்தார், கொஞ்சம் தள்ளி நின்றார். கப்பலில் ஆள் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்குக் கோயில்ல என்னைப் பூ எடுக்கச் சொன்னியே. எதுக்கு?"

நான் என்ன செய்திருக்கவேண்டும்? சும்மா, உன் பிரசவத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். அவள் அப்படியே நம்பிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்திருப்பாள். அல்லது நம்பியிருக்கமாட்டாள். என் பேச்சில் அவளுக்கு இனி எது மிச்சம்?

சொன்னேன். சிவப்பு எது, வெள்ளை எது, அவள் கையில் வந்தது எது. எதையும் குறைக்கவில்லை.

அவள் பூ எடுத்த தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு குழந்தையை அந்தக் கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு கப்பல் பலகையில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.